தோர்த்தியாவும் அடை அழுத்தியும்

மெக்சிகோவின் மெல்லிய வட்ட ரொட்டிக்கும், அதை அழுத்தி வட்டமாக்கும் கருவிக்கும் தமிழில் என்ன பெயர் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. டார்டில்லா, டோர்ட்டில்லா, டார்ட்டிலா என்று பல விதமாக அந்த ரொட்டியின் பெயரைத் தமிழில் எழுதுகிறோம். எல்லாவற்றிலும் முதலில் டகரம், நடுவில் லகரம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டியதால் வந்த வினை இது. சொல் ஸ்பானிய மொழியினுடையது. அம்மொழியில் அந்த முதலெழுத்தை நாக்கு நுனி பல்லில் பட, நம் தகரம் போலத்தான் சொல்வார்கள். இரட்டை லகரமாக எழுதுவதை மெக்சிகோவில் யகரமாக ஒலிப்பார்கள். ஆகவே தோர்த்தியா. இன்னும் கறாராகச் சொன்னால் நடு அசையை நீட்டித் தோர்த்தீயா.

தமிழுக்கு இது ரொம்ப வசதி. நம் இலக்கணப்படி டகரம் சொல்லுக்கு முதலில் வராது, தகரம் தாராளமாக வரும். ரகர மெய்க்குப் பின்னால் தகரம் இரட்டித்து வருவதும் நேர்த்தி, வார்த்தை, பார்த்தேன் என்று நம் வாயில் ஏற்கெனவே பழகிய ஒலிதான். மூலமொழியின் உச்சரிப்பும் தமிழ் மரபும் இப்படி ஒரே இடத்தில் வந்து சேர்வது அபூர்வம். அதனால் இந்தக் கட்டுரையில் தோர்த்தியா என்றே எழுதுகிறேன்.

இனிப் பொருள். ஸ்பானியத்தில் 'தோர்த்தா' என்றால் வட்டமான அப்பம் அல்லது ரொட்டி. லத்தீனிலிருந்து வந்த சொல். அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து தோர்த்தியா, அதாவது சின்ன வட்ட அப்பம். ஸ்பெயினில் இன்றைக்கும் தோர்த்தியா கேட்டால் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட கனத்த ஆம்லெட்தான் தட்டில் வரும். மெக்சிகோவில் அதே பெயர் மக்காச்சோள மாவில் செய்த மெல்லிய வட்டத்துக்கு. காரணம் எளிது. 1519-இல் மெக்சிகோ கரையில் இறங்கிய ஸ்பானியர்கள், அங்குள்ள மக்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் உணவைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்துவிட்டார்கள். அந்த மண்ணின் நாவாட்டல் மொழியில் அதன் பெயர் த்லஷ்கல்லி. மெக்சிகோவின் த்லஷ்காலா மாநிலத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது: த்லஷ்கல்லி கிடைக்கும் ஊர். வந்தவர்கள் வைத்த பெயர் உணவுக்கு நிலைத்தது, ஊர்ப் பெயரில் பழைய பெயர் தங்கிவிட்டது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மெக்சிகோ சப்பாத்தி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சப்பாத்தி கோதுமை மாவு, கட்டையால் தேய்ப்பது. மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமைத் தோர்த்தியா உண்டு என்பது உண்மை. பெரிய ஊர்க் கடைகளில் ராப் (wrap) என்று சுருட்டித் தருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். ஆனால் பெயருக்கு உரிய பழைய பண்டம் மக்காச்சோளத்தினுடையது. சோள ரொட்டி என்பதும் சரிப்படாது. வேலூர்ப் பக்கம் வெறுமனே சோளம் என்றால் வெள்ளைச் சோளமோ சிவப்புச் சோளமோதான், அது வேறு தானியம். மக்காச்சோளம் என்று முழுசாகச் சொன்னால்தான் குழப்பம் வராது.

என் தேர்வு 'அடை'. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. அதில் ஒரு பாதியான வேலூர் 2019-இல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. அடை தட்டுகிற கை மட்டும் எங்கும் ஒன்றுதான். கேழ்வரகை இங்கே பேச்சில் கேவுரு என்போம். கேவுரு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் உருண்டையை வைத்து விரலால் தட்டித் தட்டி வட்டமாக்கி, கல்லில் போட்டு இலையை உரித்தெடுப்பார்கள். பருப்பு அரைத்து ஊற்றும் அடையை மட்டும் அறிந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எங்களுக்கு அடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தட்டிய அடைதான். சொல்லும் பழையது. தேன்கூடு போன்ற மெல்லிய அடை மதுரை அங்காடியில் விற்றதை மதுரைக்காஞ்சி சொல்கிறது. தட்டையாக, வட்டமாக, எந்தத் தானியத்திலும் ஆகக்கூடிய பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கைவசம் இல்லை. ஆகவே விளக்கம் தர வேண்டிய இடத்தில் மக்காச்சோள அடை, பெயராகக் குறிக்கும் இடத்தில் தோர்த்தியா. இட்லியை வேறு மொழிக்காரர்கள் இட்லி என்றே சொல்வதைத்தானே நாம் விரும்புகிறோம்?

அடை என்று சொல்ல இன்னொரு வலுவான காரணம் மாவின் தன்மை. அதைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவில் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே திரிப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் வழுக்கிக்கொண்டு வரும்படி கழுவி, அதற்கப்புறம் ஈரமாகவே அரைக்கிறார்கள். இப்படிப் பக்குவப்பட்ட தானியத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். நாவாட்டலில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும் வேகவைத்த மாவைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது அது. சுண்ணாம்பு பட்டதும் மேல்தோல் கரைகிறது, மாவு ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கிறது, தானியத்தில் பூட்டியிருக்கும் நயாசின் என்ற பி3 வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுபடுகிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் போனது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், இத்தாலி ஏழைகளிடம் 18-ஆம் நூற்றாண்டில் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய். அதே தானியத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டுவந்த மெக்சிகோ மக்களைக் காத்தது அடுப்படியில் ஒரு பிடி சுண்ணாம்பு.

வெற்றிலைக்கும் பதநீருக்கும் சுண்ணாம்பு சேர்க்கத் தெரிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வீட்டில் செய்து பார்ப்பதானால் 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் உண்ணத்தக்க சுண்ணாம்பு போதும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வர் நல்லது. ஊறியதைக் கழுவி, கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வடை மாவைவிடக் கெட்டியாக அரைக்க வேண்டும். இந்த மாவுக்கு அங்கே மாசா என்று பெயர், பிசைந்த மாவு என்பதுதான் அதன் பொருள். காயவைத்துப் பொடித்த மாசா மாவும் பொட்டலத்தில் விற்கிறது. கடையில் கார்ன்ஃபிளார் என்று வெள்ளையாகக் கிடைப்பது வெறும் ஸ்டார்ச். அதை வாங்கி வந்து பிசைந்தால் கையில் பசைதான் மிஞ்சும்.

பழைய நாளில் இந்த மாவை மெத்தாத்தே என்ற சரிந்த கல்லில் வைத்துக் குழவியால் அரைத்தார்கள். நம் அம்மிதான், மூன்று கால் வைத்தது. சுடும் கல்லுக்குக் கொமால் என்று பெயர். அரைத்த மாவைப் பெண்கள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாற்றி மாற்றித் தட்டி வட்டமாக்குவார்கள். அப்படித் தட்டுவதற்கு ஸ்பானியத்தில் 'தோர்த்தெயார்' என்று தனி வினையே இருக்கிறது. தமிழும் இந்த விஷயத்தில் நுணுக்கமானது. அடையையும் வடையையும் தட்டுகிறோம், சப்பாத்தியைத் தேய்க்கிறோம். அடை தேய்த்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு வினை கருவியோடு வந்தது. அதுதான் அழுத்துவது, பேச்சில் அமுக்குவது.

கருவி இதுதான்: ஒரு பக்கம் கீல் வைத்து இணைத்த இரண்டு வட்டத் தகடுகள், மேலே குறுக்காகப் படுக்கும் ஒரு கைப்பிடி. நடுவில் மாவுருண்டை. கைப்பிடியை அழுத்தினால் நெம்புகோல் விசையில் உருண்டை ஒரே நொடியில் வட்டமாகப் பரவும். மெக்சிகோவில் வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் மரத்திலும் செய்கிறார்கள். தோர்த்தியாதோரா என்பார்கள், பிரென்சா என்றும் சொல்வார்கள்.

நம் ஊரிலும் இது இருக்கிறது. வேலூர் லாங்கு பஜார் பாத்திரக் கடையில் பூரி பிரஸ் என்றோ சப்பாத்தி பிரஸ் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். இந்த இரண்டாவது பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. சப்பாத்திக்கு என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கோதுமை மாவில் பசையம் (குளூட்டன்) இருக்கிறது. அழுத்தும்போது விரியும், தகட்டைத் திறந்ததும் ரப்பர் மாதிரி பாதிக்குச் சுருங்கிக்கொள்ளும். கனத்த, சின்ன வட்டம்தான் கிடைக்கும். பூரிக்கு அந்த அளவு போதும், சப்பாத்திக்குப் போதாது. இரண்டு நாள் போராடிவிட்டு, மட்டமான பொருள் என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். பொருள் மட்டமில்லை, பெயர்தான் தப்பு. பசையம் இல்லாத மாவுக்கென்று பிறந்த கருவி அது. மக்காச்சோளம், கேழ்வரகு, அரிசி எதுவானாலும் அழுத்திய வட்டம் அழுத்தியபடியே நிற்கும். இதைப் பழகியவர்கள் தீபாவளிக்குத் தட்டை செய்ய இதைத்தான் எடுக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து அரிசிமாவு ரொட்டிக்கும் இது கைகொடுக்கும்.

ஆகவே தமிழ்ப் பெயர் 'அடை அழுத்தி'. எந்த மாவுக்கு ஆகும் என்பதும் என்ன செய்யும் என்பதும் பெயரிலேயே இருக்கின்றன. சொல்லாக்கமும் நம் வழக்கப்படிதான். மண்வெட்டி, பாக்குவெட்டி, இடுக்கி எல்லாம் வினையோடு இகரம் சேர்ந்து கருவிப் பெயர் ஆனவை, அழுத்தியும் அப்படியே. பாக்குவெட்டி இதற்கு நெருங்கிய உறவும்கூட, அதிலும் கீல்தான் உயிர். அச்சு என்று சொல்லலாமா என்றால், முறுக்கு அச்சிலும் இடியாப்ப அச்சிலும் மாவு துளை வழியாகப் பிதுங்கி உருவம் பெறுகிறது. இங்கே துளையும் இல்லை, வார்ப்பும் இல்லை. பொறி என்பது கையடக்கமான பொருளுக்குக் கனத்த சொல். மின்சாரத்தில் சூடாகும் வகையிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் மேனுவல் என்பதற்குக் கை என்ற ஓரெழுத்து போதும். குடியாத்தத்துக் கைத்தறியைக் கைத்தறி என்பதுபோல இது கை அழுத்தி.

பயன்படுத்தும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பெயர் சரியா என்பது அங்கேதான் தெரியும். மாசா மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைக்கவும். சின்ன எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து உள்ளங்கையில் லேசாக அமுக்கிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் மாவு போதவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் உறையை வெட்டி இரண்டு தாளாக்கி, அடியில் ஒன்று, மேலே ஒன்று போட வேண்டும். உருண்டையை நட்ட நடுவில் வைக்காமல் கீல் பக்கம் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அழுத்தும்போது மாவு கைப்பிடிப் பக்கம் நகரும். ஒரு தடவை அழுத்தி, திறந்து, தாளோடு சேர்த்து அரைவட்டம் திருப்பி, மெதுவாக இன்னொரு தடவை. இல்லாவிட்டால் ஒரு பக்கம் மெல்லிசாகவும் மறுபக்கம் கனமாகவும் நிற்கும்.

மேல்தாளை உரித்து, அடையை உள்ளங்கையில் கவிழ்த்து, கீழ்த்தாளையும் உரிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போடுங்கள். ஓரம் கல்லை விட்டுக் கிளம்பியதும் திருப்பி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி திருப்பினால் நடுவில் உப்பி எழும்பும். எழும்பினால் மாவின் பதமும் கல்லின் சூடும் சரி. எடுத்ததும் துணியில் சுற்றி அடுக்கி வைத்தால் அதன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும். வெறும் தட்டில் ஆறவிட்டால் அப்பளமாக விறைத்துக்கொள்ளும்.

கேவுரு அடைக்கும் இதே முறைதான். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட மாவானால் கீரையைக் காம்பில்லாமல் உருவி, வெங்காயத்தைப் பொடியாக அரிந்துகொள்ள வேண்டும். ஒரு துண்டு பெரிதாக இருந்தாலும் தகடு அங்கே தடுக்கி நிற்கும், அடை கிழியும். அந்த அடையைத் தோர்த்தியா அளவுக்கு மெலிதாக்க முயல வேண்டாம், கொஞ்சம் கனமாகவே விட்டுவிடலாம்.

கடைக்காரரிடம் போய் அடை அழுத்தி என்று கேட்டால் இன்றைக்கு அவருக்குப் புரியாது. பூரி பிரஸ் என்றே கேட்டு வாங்குங்கள், வாங்கும்போது கீல் ஆடாமல் இருக்கிறதா, மூடினால் தகடு இரண்டும் சுற்றிலும் ஒரே சீராகப் படிகிறதா என்று பாருங்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடம்தான் என் வேண்டுகோள்: முதல் இடத்தில் 'அடை அழுத்தி (பூரி பிரஸ்)' என்று ஒரு தடவை விளக்கிவிட்டு, அதற்கப்புறம் அடை அழுத்தி என்றே எழுதுங்கள்.