இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும் கண்ணாடி

சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் இரு பக்கமும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அப்படிச் செய்யச் செய்ய, எதிரே இருப்பவரின் கண்ணும் உங்கள் மூக்கும் கலந்து மூன்றாவதாக ஒரு முகம் தெரியும்.

அந்தக் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், மறு பங்கை ஊடுருவ விடும். உங்கள் முகத்தில் வெளிச்சம் கூடினால் உங்கள் பிம்பம் மேலோங்கும். எதிராளியின் முகத்தில் கூடினால் அவர் தெரிவார். சமமானால் இரண்டும் கலக்கும். ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது. நாம் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறோமோ, பிம்பம் கண்ணாடிக்கு அவ்வளவு தூரம் பின்னால் தெரியும். ஆகவே இருவரும் ஒரே தொலைவில் இருந்தால்தான் முகங்கள் பொருந்தும். பள்ளியில் படம் வரைந்து மனப்பாடம் செய்கிற விதிதான். இங்கே அதை "கொஞ்சம் பின்னால் போ, அப்புறம் தலையைச் சாய்" என்று பேசிப் பேசியே கண்டுபிடிக்க முடியும்.

இந்த இடத்தை 1969இல் தொடங்கியவர் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணங்களால் 1949இல் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு அங்கேயே பள்ளி ஆசிரியரானவர். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பார். எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. தப்பாகச் செய்து பார்க்கப் பயமில்லாத இடத்தில்தான் சொந்தக் கேள்வி பிறக்கும்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிற காட்சிப்பொருளில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. குழந்தை அழுத்தும், அடுத்ததற்கு ஓடிவிடும். அதற்காக ஒரே மேசையில் திருகிப் பார்க்கும் குமிழ்களை ஏகப்பட்டது அடுக்கினாலும் சரிவராது. எதைத் தொடுவது என்று பார்வையாளர்கள் திணறுவதை எக்ஸ்ப்ளோரடோரியத்தின் ஆய்வாளர்களே 2004இல் எழுதியிருக்கிறார்கள்.

தங்கள் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறையையும் அவர்கள் புத்தகங்களாக வெளியிட்டிருக்கிறார்கள். இந்தக் கண்ணாடியை நம் பள்ளிகளிலும் செய்யலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி 100க்குச் சுமார் 8 பங்கு ஒளியைத்தான் திருப்பும், அது போதாது. அக்ரிலிக் பலகையில் பாதி ஒளியைத் திருப்பும் பிலிமை ஒட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு மேசை விளக்குகளை வையுங்கள். ஸ்டூல்களை மட்டும் சரியான தொலைவில் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அவற்றை நகர்த்திப் பார்ப்பது மாணவர்களின் வேலை.