எஸ்ஜிபிடி ஏறினால் குடியை மட்டும் கேட்காதீர்கள்: டிஎம்எஃப் கரைப்பானும் கல்லீரலும்

பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங், செயற்கைத் தோல் வேலை பார்ப்பவருக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த நொதியான எஸ்ஜிபிடி ஏறியிருந்தால் முதலில் வரும் கேள்வி "குடிப்பீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றால் விசாரணை அதோடு முடிந்துவிடும். ஷிஃப்ட் முழுக்க அவர் எந்தக் கரைப்பான் பக்கத்தில் நிற்கிறார் என்று பலர் கேட்பதே இல்லை. இது அவருக்குச் செய்யும் அநியாயம். அதே வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து.

பாலியூரித்தேன் ரெசினைக் கரைக்கப் பயன்படுவது டைமெத்தில் ஃபார்மமைடு, சுருக்கமாக டிஎம்எஃப். நிறமில்லாதது, லேசான மீன் வாடை உடையது. மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் நன்றாக உள்ளே போகும். திரவம் மேலே படாவிட்டாலும் ஆவியே தோலில் ஊறும். கையில் ஒட்டிய ரெசினை டிஎம்எஃப் தொட்ட துணியால் துடைக்கும் பழக்கம் எல்லாவற்றையும் விட மோசமானது. சாதாரண லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகளை அது சீக்கிரமே ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும்.

கல்லீரலில் இதை முதலில் உடைப்பது சிஒய்பி2இ1 என்ற நொதி. இந்த உடைப்பு நச்சை முறிப்பதில்லை, உண்டாக்குகிறது. வழியில் மெத்தில் ஐசோசயனேட் போன்ற, எதையும் பற்றிக்கொள்ளும் பொருள் பிறக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த அதே வேதிப்பொருள்தான். உடலுக்குள் உருவாகும் அளவை அதோடு ஒப்பிடவே முடியாது, ஆனாலும் தன்மை அதுதான். அதைக் கட்டிப்போட்டுச் சிறுநீரில் அனுப்புவது, உடலே தயாரிக்கும் நச்சுமுறிப்புப் பொருளான குளுட்டாதயோன். ஆக, நச்சு உருவாகும் வேகமும் குளுட்டாதயோன் கையிருப்பும்தான் கணக்கு. இரண்டுமே ஆளுக்கு ஆள் மாறும். சிஒய்பி2இ1 மிகுதியாக இருப்பது, கல்லீரலின் ஒவ்வொரு நுண்பகுதிக்கும் நடுவில் உள்ள ரத்த நாளமான மையச் சிரையைச் சுற்றிய செல்களில். பிராணவாயு குறைவாகக் கிடைப்பதும் அங்கேதான். சேதம் அங்கிருந்து தொடங்குவது இதனால்தான்.

குடிக்கு வருவோம். சாராயத்தின் (ஆல்கஹாலின்) ஒரு பகுதியை உடைப்பதும் இதே நொதி. தினமும் குடித்தால் நொதியின் அளவு கூடும். ரத்தத்தில் சாராயம் இருக்கும்வரை அது டிஎம்எஃப்போடு போட்டி போட்டு உடைப்பைத் தாமதப்படுத்தும். சாராயம் வடிந்தபின், பெருகிய நொதி முழு வேகத்தில் நச்சை உருவாக்கும். "இன்னைக்குக் குடிக்கல, அதனால பரவாயில்ல" என்பது இந்த வேலையில் செல்லாது.

டிஎம்எஃப் வேறொரு வேலையும் செய்கிறது. சாராயத்திலிருந்து வரும் ஆல்டிஹைடை அகற்றும் நொதியை அது தடுக்கிறது. வேலை முடிந்து கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வரும். வேலையை விட்டுச் சில நாட்கள் கழித்தும் வரலாம். கோட்டிங் பிரிவில் ஒருவர் இப்படிச் சொன்னால், அவர் உடலுக்குள் டிஎம்எஃப் கணிசமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டறியச் செலவே கிடையாது.

குடிக்காதவருக்கும் நொதி கூடுதலாக இருக்கலாம். உடல் பருமன், கட்டுக்கடங்காத சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்களிடம் சிஒய்பி2இ1 அதிகம். சரியாகச் சாப்பிடாதவர்களிடம் குளுட்டாதயோன் குறைவு. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் இதே நொதியைப் பெருக்கும், தானும் கல்லீரலைத் தாக்கும். ஆவியால் வரும் தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே வேலை பார்ப்பது இன்னொரு சுமை; அதன் நச்சுப் பகுதியும் இதே நொதியில் உருவாகி, இதே குளுட்டாதயோனைத்தான் செலவழிக்கிறது. நச்சைக் குளுட்டாதயோனோடு பிணைக்க உதவும் ஜிஎஸ்டிஎம்1, ஜிஎஸ்டிடி1 மரபணுக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே இருப்பதில்லை. அதற்காக மரபணுப் பரிசோதனை செய்து ஆளைத் தேர்ந்தெடுப்பது தவறான வழி. காற்றைச் சுத்தம் செய்வதே முதலாளியின் கடமை.

குடியையும் கரைப்பானையும் பிரித்துப் பார்க்க ஒரு குறிப்பு உண்டு. குடியால் வரும் பாதிப்பில் பொதுவாக எஸ்ஜிஓடி என்ற இன்னொரு கல்லீரல் நொதி, எஸ்ஜிபிடியைவிட இருமடங்குக்கு மேல் இருக்கும். டிஎம்எஃப் பாதிப்பில் எஸ்ஜிபிடிதான் மேலே நிற்கும். 1980களில் அமெரிக்காவில் துணிக்குப் பூச்சு போடும் ஓர் ஆலையில் சோதித்த 58 பேரில் 36 பேருக்கு இந்தக் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன; அங்கும் இந்தப் போக்கே தெரிந்தது. ஆனால் கொழுப்புக் கல்லீரலிலும் எஸ்ஜிபிடி மேலே இருக்கலாம், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

வேலையில் சேரும் முன்பே எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிரூபின், ஹெபடைடிஸ் பி, சி, சர்க்கரை பார்த்து வையுங்கள். பாதிப்பு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டும். வருடாந்திரப் பரிசோதனை வரை காத்திருந்தால் தாமதம். இரண்டாவது வாரம், முதல் மாதம், இரண்டாவது, மூன்றாவது மாதம் என்று பார்ப்பது நல்லது. டிஎம்எஃப்புக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு காற்றில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). காற்றை அளந்து திருப்திப்பட்டுவிடக் கூடாது, தோல் வழியே போனது அதில் தெரியாது. ஷிஃப்ட் முடிவில் எடுத்த சிறுநீரில், டிஎம்எஃப் உடைந்து வரும் என்-மெத்தில் ஃபார்மமைடை அளந்தால் இரண்டு வழியும் சேர்ந்து தெரியும்.

எஸ்ஜிபிடி இயல்பான உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு போனாலோ, வயிற்று வலி, மஞ்சள் காமாலை வந்தாலோ, அன்றே கரைப்பான் இல்லாத பிரிவுக்கு மாற்றி, இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இறங்கும். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது ரெசின் டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளைக் கையில் கொண்டு போங்கள். சீட்டில் "கெமிக்கல் வேலை" என்று மட்டும் எழுதாமல் டிஎம்எஃப் என்று பெயரையே எழுதச் சொல்லுங்கள்.