சபையைப் பதிவு செய்தால் இராயனுக்கு அடிமையா?

அமெரிக்காவில் சிறு சபைகளுக்குக் கணக்குப் பார்க்கும் சிபிஏ நான். "501(சி)(3)-இல் (மத, தரும அமைப்புகளுக்கு வரிவிலக்குத் தரும் சட்டப் பிரிவு) சேர்ந்தால் சபைக்குத் தலை கிறிஸ்து இல்லை, அரசாங்கம்தான்" என்று முழங்கும் யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, '508 சபை' ஆவதற்கான ஆவணக் கட்டைக் காசு கொடுத்து வாங்கி, இன்னொரு தமிழ்ச் சபையும் என்னிடம் வந்திருக்கிறது. பொறுத்தது போதும்.

ஐயா, '508 சபை' என்று தனியாக ஒன்று கிடையாது. 501(சி)(3) வரிவிலக்குக்கு மற்ற அமைப்புகள் பெரும்பாலும் 1023 என்ற விண்ணப்பப் படிவம் போட வேண்டும், சபைகள் போடத் தேவையில்லை. அதே வரிச் சட்டத்தின் 508(சி)(1)(ஏ) பிரிவு சொல்வது அவ்வளவுதான். விண்ணப்பமே போடாத சபையும் 501(சி)(3)-க்குள்தான் இருக்கிறது. சும்மா கிடைப்பதை உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

அப்புறம், சபையைக் கார்ப்பரேஷனாக, அதாவது சட்டப்படி தனி நிறுவனமாகப் பதிவது மாநிலச் சட்டம். வரிவிலக்கு மத்திய அரசின் சட்டம். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். வர்ஜீனியாவில் 2002 வரை சபைகள் கார்ப்பரேஷன் ஆவதற்கு மாநில அரசியல் சாசனமே இடம் தரவில்லை. அதற்காக அங்குள்ள சபைகள் வரிவிலக்கு இல்லாமலா இருந்தன?

மனசாட்சி உறுத்துகிறது என்பவர்களை நான் கேலி செய்யவில்லை. 1954-இல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், 501(சி)(3) அமைப்புகளைத் தேர்தலில் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யாதே என்கிறது. 1992-இல் அதிபர் வேட்பாளர் கிளின்டனுக்கு எதிராகப் பத்திரிகை விளம்பரம் கொடுத்த, நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பகுதிச் சபையின் வரிவிலக்கு அந்தஸ்து பறிபோனது. இந்தக் கட்டுப்பாடு வேண்டாமென்றால் வரிவிலக்கையே விட வேண்டும். காணிக்கைக்கு வரிக் கழிவு இல்லை என்று விசுவாசிகளிடம் சொல்லவும் வேண்டும். பதிவை மட்டும் விட்டு என்ன பயன்? இண்டியானாபொலிஸ் பாப்டிஸ்ட் டெம்பிள் என்ற சபை தன் கார்ப்பரேஷனைக் கலைத்தது, ஊழியர் சம்பளத்தில் வரி பிடிக்கவும் மறுத்தது. அந்த வரிப் பாக்கிக்காக 2001-இல் மத்திய அரசின் மார்ஷல்கள் வந்து ஆலயத்தையே கையகப்படுத்தினார்கள்.

ஊரிலிருந்து போதகரை ஆர்-1 விசாவில் (மத ஊழியர்களுக்கான விசா) அழைக்கப் போகிறீர்களா? அங்கே, சபைக்கு வரிவிலக்கு உண்டு என்று ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) தந்த கடிதத்தைக் கேட்பார்கள். எந்தச் சபைப் பிரிவின் கீழும் இல்லாத தனிச் சபை என்றால் 1023 போடாமல் அது வராது. விசாவுக்குத் தேதி குறித்த பிறகு என்னிடம் ஓடி வராதீர்கள்.

காணிக்கையைப் போதகரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவருக்கு எழுத்தில் ரசீது கொடுங்கள். போதகரின் வீட்டுப் படியை (வீட்டுச் செலவுக்கான தொகை) கொடுப்பதற்கு முன்பே தீர்மானமாக எழுதி வையுங்கள். பதிவில்லாத சபையின் கட்டடப் பத்திரம் பெரும்பாலும் மூப்பர்கள் பெயரில்தான் இருக்கும். வழக்கு என்று வந்தால் அவர்கள் சொந்தச் சொத்தும் சிக்கலாம் என்று முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். வாங்கிய ஆவணக் கட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், தயவுசெய்து ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.