பொரித்த கோழி எண்ணெய் குடிப்பது எப்போது?

"தோல் நீக்கிய நெஞ்சுக்கறி நல்லது என்கிறார்கள். அதையே மாவில் தோய்த்துப் பொரித்தால் கெடுதல் என்கிறார்கள். கறி ஒன்றுதானே, நடுவில் என்னதான் நடக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கறிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. 100 கிராம் பச்சை நெஞ்சுக்கறியில் சுமார் 22 கிராம் புரதம், 2 முதல் 3 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 120 கலோரி. ஈரம் இருக்கும்வரை துண்டின் உட்புறம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. புரதத்தின் வடிவம் மாறும், சத்து போகாது. பி வைட்டமின்களில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கணக்கு மாறுவது மேலுறையில். அதில் 30 கிராம் மாவு இருந்தால் சுமார் 105 கலோரி. அது 12 கிராம் எண்ணெய் குடித்தால், கிராமுக்கு 9 வீதம் 108 கலோரி. 120 கலோரிக் கறி 330-ஐத் தாண்டிவிட்டது.

அந்த எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பதுதான் இதில் அழகான பகுதி. வாணலியில் வேகும்போது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில், வேகும்போது எண்ணெய் உள்ளே நுழையவே திணறுகிறது. 175 டிகிரி எண்ணெயில் விழுந்த மாவிலுள்ள நீர் உடனே ஆவியாகி, சுமார் 1,600 மடங்கு விரிந்து, நுண்துளைகள் வழியே பீறிட்டு வெளியேறுகிறது. துண்டைச் சுற்றிப் பொங்கும் குமிழிகள் எல்லாமே இந்த நீராவிதான், எண்ணெய் கொதிப்பதில்லை. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய்க்கு வழி கிடையாது.

துண்டை வெளியே எடுத்ததும் நிலைமை தலைகீழாகிறது. மேலுறை ஆறத் தொடங்கும். துளைகளில் மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று விழும். மருந்துச் சொட்டுக்குழாயின் ரப்பர்க் குமிழை அழுத்திவிட்டு விட்டால் திரவம் ஏறுமே, அதே போல மேற்பரப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் உள்ளே இழுபடும். சாயம் கலந்த எண்ணெயை வெவ்வேறு நேரங்களில் சேர்த்து உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பொரித்துப் பார்த்த ஆய்வும் இதையே காட்டியது: குடித்த எண்ணெயில் பெரும்பகுதி, எடுக்கும்போது மேலே ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

ஆகவே எண்ணெயைக் குறைக்க வேண்டிய நேரம், துண்டு வெளியே வந்த முதல் நிமிடம். ஜல்லிக்கரண்டியில் எடுத்து, வாணலிக்கு மேலேயே பத்துப் பதினைந்து விநாடி நன்றாக உதறுங்கள். சூடு குறையும் முன்பே காகிதத்தால் ஒற்றிவிட்டுக் கம்பித் தட்டில் பரப்புங்கள். காகிதத்தின் மேலேயே குவித்து வைத்தால் ஆவி அடியில் சிக்கி மொறுமொறுப்பு போய்விடும். ஆறிய பின் துடைப்பதில் அதிகப் பயனில்லை.

எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒரு சொட்டு மாவு அடியில் தங்கி மெல்ல எழும்பினால் சூடு போதாது. விழுந்ததும் கருகினால் அதிகம். ஒரேயடியாக நிறையத் துண்டுகளைப் போட்டால் சூடு இறங்கும், மேலுறை தாமதமாக இறுகும், அதிக நேரம் வேகவிடுவீர்கள். அதற்குள் உலர்ந்த பகுதி தடித்து, எண்ணெய் குடிக்கத் துளைகளும் பெருகும். ஆப்பசோடா கூடினாலும் இதே விளைவு. கோதுமை மாவில் ஒரு பங்கைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தால் எண்ணெய் குறையும். எப்படியானாலும் துண்டின் நடுவே 74 டிகிரி எட்டியாக வேண்டும்.

எண்ணெயில் உப்பைப் போட்டால் கறி எண்ணெய் குடிக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. எண்ணெயில் உப்பு கரையவே கரையாது. எண்ணெய் சீக்கிரம் கெடத்தான் அது உதவும். கெட்ட எண்ணெயோ மேற்பரப்பில் எளிதாகப் பரவி இன்னும் அதிகமாக உள்ளே போகும். நிறம் கறுத்து, பிசுக்காகி, நுரை அடங்காமல் நின்றால் அதைக் கொட்டிவிட வேண்டும். இப்படிப்பட்ட நம்பிக்கைகளை வீட்டு வாணலியிலேயே சோதித்துச் சொல்லும் ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்குவது வீண்செலவு அல்ல என்பது என் உறுதியான கருத்து. எத்தனையோ பேர் அன்றாடம் சாப்பிடுவது அதில் பொரித்ததைத்தானே.

மாவுப்பொருளை 120 டிகிரிக்கு மேல் வறுத்தால், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகும் என்பது 2002-இல் சுவீடனில் வெளிச்சத்துக்கு வந்தது. பொன்னிறத்தில் எடுத்துவிட்டால் குறைவு, கரும்பழுப்பில் அதிகம்.

கலோரியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உப்பைக் கோட்டை விடுகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பு ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குக் கீழ். அரைக் கிலோ கறியில் ஊறவைக்க 6 கிராம், மாவில் 4 கிராம் உப்பு என்றால், நான்கு பேர் பகிர்ந்தாலும் தலைக்கு 2.5 கிராம், அந்த வரம்பில் பாதி. ஆப்பசோடாவின் ஒவ்வொரு கிராமும் உப்பில் இருக்கும் அதே சோடியத்தைச் சுமார் 270 மில்லிகிராம் கூட்டும். மாவில் உப்பே போடாமல் மிளகும் பூண்டும் சேர்த்து, ஊறவைக்கும் உப்பை மட்டும் வைத்துக்கொண்டால் தலைக்கு 1.5 கிராமில் நிற்கும்.