பகலில் தடுமாறும் கை, தூக்கத்தில் துடிக்கும் விரல்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு வரும் தையில் நாலு வயது முடிகிறது. சட்டைப் பட்டன் போட வரவில்லை. வட்டம் வரையச் சொன்னால் தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பி வருவதில்லை. கட்டைகளை அடுக்கினால் ஐந்தாவது கட்டையில் எல்லாம் சரிந்துவிடுகிறது. பள்ளியில் ஆசிரியை, “கை வேலையில் பின்தங்கியிருக்கிறான், எங்காவது காட்டுங்கள்” என்றிருக்கிறார். மாமியாரோ, “பதினொன்றரை மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்குக் கை எப்படி ஒரு நிலையில் நிற்கும்?” என்கிறாராம். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

வயதுக் கணக்கை விரைவாக முடித்துவிடுவோம். தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்குவது 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் வரும். 2 வயதில் ஆறு கட்டை அடுக்கும். 3 வயதில் வட்டத்தையும் 4 வயதில் கூட்டல் குறியையும் பார்த்து வரையும். பட்டன் போடுவது 4 வயதை ஒட்டித்தான் பல பிள்ளைகளுக்குக் கைவருகிறது. எல்லாமே கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். தூக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அளவு சொன்னது: 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். பதினொன்றரைக்குக் கண்ணயர்ந்து ஏழு மணிக்கு எழுப்பப்படும் இந்தப் பையனுக்குக் கிடைப்பது ஏழரை. மதியம் ஒரு மணி நேரம் தூங்கினாலும் எட்டரைதான். மாமியார் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பச்சைக் குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். சுண்டுவிரல் மட்டும் ஒருமுறை வெட்டும். சற்று நிற்கும். பிறகு மணிக்கட்டு, அப்புறம் எதிர்க்காலின் பெருவிரல். நடுவில் உதடு கோணிச் சிரித்தால் எங்கள் வீட்டில் “நரி விரட்டுகிறது” என்பார்கள். கைகால் வெட்டினால் பயந்திருக்கிறது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

உண்மையில் அங்கே நடப்பது ஒரு சோதனை ஓட்டம். ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூர் அருகே கரையைக் கடந்த பிறகு நம் பக்கத்தில் மின்சாரம் திரும்பிய விதத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் விட்டிருந்தால் எந்த ஒயர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எது அறுந்து கிடக்கிறது என்று தெரிந்திருக்காது. ஒவ்வொரு லைனாக விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிறந்த குழந்தையின் மூளைக்கும் அதே வேலை இருக்கிறது. எந்தக் கட்டளை எந்தத் தசையை இழுக்கிறது, அந்தத் தசை அசைந்தால் எந்த நரம்பு வழியாகத் தகவல் திரும்புகிறது என்று அது கண்டுபிடித்தாக வேண்டும். விழித்திருக்கும் குழந்தை கைகால் எல்லாவற்றையும் ஒன்றாக உதைத்து ஆட்டும், ஒரே கூச்சல். தூக்கத்தில்தான் ஊர் அடங்கி, ஒரு விரல் தனியாக அசையும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை அல்லவா? விழிப்பில் மூளை ஒரு கட்டளை இடும்போதே அதன் நகல் ஒன்றைத் தனக்கும் அனுப்பிக்கொள்கிறது. ‘இது என் வேலைதான்’ என்று தெரிந்துவிடுவதால், திரும்பி வரும் உணர்வைத் தணித்துவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் புளும்பெர்க் குழுவினர் எலிக்குட்டிகளிடம் இதைத்தான் பார்த்தார்கள். குட்டி விழித்துக்கொண்டு காலை ஆட்டினால், அந்தத் தகவல் மூளைத்தண்டில் ஒரு நரம்பணுத் திரளிலேயே தடுக்கப்படுகிறது. அதே கால் தூக்கத்தில் துடித்தால் தடையில்லை; தகவல் மூளைக்குள் முழங்கிக்கொண்டு போகிறது. தானே அசைத்ததை, யாரோ அசைத்ததுபோல மூளை வியந்து கேட்கிறது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்தத் துடிப்புகள் நிறைந்த தூக்கம்தான்.

மூன்று மாத வாக்கில் மனிதக் குழந்தையிடம் மற்றொன்று சேர்கிறது. அமைதியான தூக்கத்தின்போது மூளை அலையில் நொடிக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு முறை அதிரும் ஒரு சிறு கொத்து எழுந்து அடங்கும். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் அதன் வடிவத்தைப் பார்த்துக் ‘கதிர்’ என்று பெயர் வைத்தார்கள். புதுச்சேரியில் மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கதிர் என்றால் விளக்க வேண்டியதில்லை. நூல் சுற்றி நிற்கும் அதே கதிர்தான். இந்த வயதில் கைகால் துடிப்புகள் இந்தக் கதிர்களோடு காலம் ஒத்து வருவதை அதே குழுவினர் 2021-இல் வெளியிட்டார்கள். பெரியவர்களிடமும், பகலில் பழகிய விரல் வேலை தூங்கி எழுந்ததும் படிவதற்கும் கதிர்களுக்கும் தொடர்பு தெரிகிறது. எலிக்குட்டி தூங்குவதை வேடிக்கை பார்க்கவா வரிப்பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இந்த மாதிரி வேலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன துடிப்பு தூக்கத்தில் மட்டும் வரும், எழுப்பினால் நின்றுவிடும். கைக்குழந்தை விழித்திருக்கும்போதோ தூங்கி எழுந்த உடனேயோ உடம்பை மடக்கி அடுக்கடுக்காக வெட்டினால் அது வேறு. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, நாலு வயதுப் பையனுக்கு வருவோம். தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் கெட்ட பிள்ளை வீட்டைத் தலைகீழாக்கும். அதனால் ‘சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறான்’ என்று ஏமாந்துவிடுகிறோம். தூக்கக் குறைவால் வரும் தடுமாற்றத்துக்கு ஏற்ற இறக்கம் உண்டு. காலையில் வருவது மாலையில் வராது. பாட்டி வீட்டில் ஒரு வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் திரும்ப வரும். கையோடு பொறுமையும் போயிருக்கும்: கட்டையைச் சரித்துவிட்டுத் தூக்கி எறிவான். திறன் பின்தங்கிய பிள்ளையோ காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் தடுக்கும். செய்ய ஆசைப்படும், கை ஒத்துழைக்காது, கொஞ்ச நாளில் கிரேயானைக் கண்டாலே நழுவிவிடும். பின்னோக்கிக் கேட்டால் பொரி பொறுக்கியதும் தாமதமாகத்தான் இருக்கும். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், மற்றக் கையில் பலக்குறைவா என்று பார்க்க வேண்டும். வந்த திறன் போய்விட்டால் காத்திருக்கவே கூடாது.

தூக்கத்தையும் நேரத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது. குறட்டை, வாயைத் திறந்து மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறல், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது ஆகியவை மூக்கின் பின்னாலோ தொண்டையிலோ சதை வீங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் இரவில் புரள வைக்கும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் மணிக்கட்டில் வசம்பு வளையல் கட்டினால் தூக்கம் வரும் என்கிறார்கள். கையில் கட்டுவதோடு நிற்காமல் நாக்கில் உரைத்துத் தடவுகிறார்கள். அது மருந்தல்ல, கேடு.

கைத்திறன் பற்றிய ஐயத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வர வேண்டும். அவர்கள் அனுப்பும் பிள்ளைகளை மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

அந்தத் தாயிடம் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன்: தூங்கிய நேரம், எழுந்த நேரம், காலையில் ஒரு வட்டம், இரவில் ஒரு வட்டம். போன வாரம் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். காலை வட்டங்கள் பெரும்பாலும் மூடியிருக்கின்றன, இரவு வட்டங்கள் வாயைப் பிளந்திருக்கின்றன. ஓரத்தில் மூன்று இடத்தில் ‘குறட்டை’ என்று குறிப்பு. பட்டன் மட்டும் இரண்டு நேரத்திலும் இல்லை. எத்தனை நாளாக முயல்கிறான் என்று கேட்டதற்கு, “இதுவரை அத்தைதான் போட்டுவிடுவார்கள் சார், வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது அவன் போடும்வரை யார் காத்திருப்பது?” என்று பதில்.

குறட்டைக்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பட்டனுக்கு, தலையணை உறையில் இருக்கும் பெரிய பட்டனை அவன் மடியில் போட்டுக் கொடுக்கலாம், வேன் வராத ஞாயிற்றுக்கிழமையில்.