பிஎச்பியிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறீர்களா? எந்த வெர்ஷனில் நின்றுவிட்டீர்கள் என்று பாருங்கள்

இணையதளங்கள் கட்டப் பயன்படும் நிரல் மொழியான பிஎச்பியில் வேலை செய்யும் டெவலப்பர் என்று சொன்னால் "இன்னுமா அதிலேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. நான் பிஎச்பி 4 புழக்கத்தில் இருந்தபோது இந்த வேலைக்கு வந்தவன், இன்றும் அதே மொழியில்தான் பிழைக்கிறேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரே மொழியில் நெடுங்காலம் இருப்பதில் தவறே கிடையாது. ஆனால் ரிவ்யூவுக்காகவும், பழைய தளங்களைப் புது சர்வருக்கு மாற்றித் தரச் சொல்லியும் என்னிடம் வருகிற கோடுகளை (நிரல்களை) பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மொழி எங்கேயோ போய்விட்டது, எழுதுகிறவர் தான் கற்றுக்கொண்ட ஆண்டிலேயே நிற்கிறார். இது அவருடைய வேலைக்கு மட்டும் ஆபத்து இல்லை, அவர் கட்டிய தளத்தை நம்பிப் பாஸ்வேர்டு கொடுத்தவர்களுக்கும் ஆபத்து. அதனால்தான் எழுதுகிறேன்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதி, 1995-இல் வெளியிட்ட சிறு கருவிகளில் இருந்து வளர்ந்த மொழி இது. எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆரம்ப காலத்தில் பல வசதிகள் செய்துவைத்திருந்தார்கள். அதில் ஒன்று ரெஜிஸ்டர் குளோபல்ஸ்: முகவரியில் அட்மின்=1 என்று யாராவது சேர்த்து அனுப்பினால் உங்கள் கோடுக்குள் அட்மின் என்ற மாறி தானாகவே 1 ஆகிவிடும். 2002-இல் 4.2 வந்தபோது இதை இயல்பாக அணைத்துவைத்தார்கள், 2012-இல் 5.4-இல் முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். சரி, தொல்லை தீர்ந்தது என்று பார்த்தால், வேலை நின்றுபோன பழைய கோடை ஓடவைக்க ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எக்ஸ்ட்ராக்ட் ஃபங்ஷனைப் போட்டு, பயனர் அனுப்புவதையெல்லாம் மறுபடியும் மாறிகளாக்கி வைத்திருப்பார்கள். மொழி அடைத்த ஓட்டையைக் கையால் திறந்துவைப்பதுதான் இது.

அதே 5.4-இல் மேஜிக் கோட்ஸும் போனது. பயனர் தருகிற மேற்கோள் குறிகள் வழியாக யாரும் டேட்டாபேஸ் கட்டளைக்குள் புகுந்துவிடாதபடி, அவற்றுக்கு முன்னால் தானாகவே பின்சாய்வுக் குறி (\) போட்டுக் கொடுத்த வசதி அது. அதை நம்பி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை தரும் மொழி) எழுதியவர்களின் கோடு, வெர்ஷன் மாறிய பிறகும் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். பழைய கோடு உடைந்துபோனால் பரவாயில்லை, நீங்களே கவனித்துச் சரிசெய்துவிடுவீர்கள். உடையாமல் ஓடிக்கொண்டே பாதுகாப்பை மட்டும் இழந்துவிடுகிற கோடுதான் எனக்கு அதிகம் பயம் தருவது.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசுகிற பழைய ஃபங்ஷன்கள் 2015 இறுதியில் வந்த 7.0-இல் நீக்கப்பட்டபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். பலர் எடிட்டரில் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் அவற்றுக்கு மாற்றான மைஎஸ்க்யூஎல்ஐ ஆக்கிவிட்டு, மாறிகளை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டி ஒட்டி எழுதுகிற வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மாற்றச் சொன்னதன் முக்கியப் பயனே பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டுக்கு, அதாவது கட்டளையையும் பயனர் தருகிற மதிப்பையும் தனித்தனியாக அனுப்புகிற முறைக்குப் போவதுதான்.

பாஸ்வேர்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2013-இல் வந்த 5.5-இலேயே பாஸ்வேர்டு ஹாஷ், பாஸ்வேர்டு வெரிஃபை என்ற ஃபங்ஷன்கள் வந்துவிட்டன (ஹாஷ் என்பது பாஸ்வேர்டைத் திரும்பப் பெறமுடியாத ஒரு குறியீடாக மாற்றிச் சேமிப்பது). இருந்தும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையைப் போட்டு, அதை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிற கோடு இன்றும் என் மேசைக்கு வருகிறது. எம்டி5 மிக வேகமாகக் கணக்கிடக்கூடியது, அதனால் திருடுபோன டேட்டாபேஸில் இருந்து பாஸ்வேர்டுகளை ஊகித்து எடுப்பது சுலபம் என்பது பலருக்குத் தெரியும். அதிகம் தெரியாதது இன்னொன்று. பூஜ்யம், அடுத்து ஆங்கில 'இ', மீதி முழுக்க எண்கள் என்று இரண்டு ஹாஷ்கள் அமைந்துவிட்டால், பிஎச்பி இரண்டையும் "பூஜ்யம் பெருக்கல் பத்தின் அடுக்கு" என்று படித்து, இரண்டும் பூஜ்யம், ஆகவே சமம் என்று சொல்லிவிடும். அப்படி ஹாஷ் தருகிற சொற்கள் வெளிப்படையாகத் தொகுக்கப்பட்டே கிடைக்கின்றன. 8-ஆம் வெர்ஷனிலும் இது மாறவில்லை. அதில் மாறியது, பூஜ்யத்தை வெறும் எழுத்துகளோடு ஒப்பிட்டால் சமம் என்று சொன்னது போன்ற பழைய நடத்தைதான்.

"பழைய பயனர்களின் பாஸ்வேர்டு நமக்குத் தெரியாதே, எப்படி மாற்றுவது?" என்று கேட்பார்கள். ஏற்கனவே இருக்கிற எம்டி5 ஹாஷையே பாஸ்வேர்டு ஹாஷுக்குள் கொடுத்து இன்றைக்கே எல்லா வரிகளையும் மாற்றிவிடலாம், அப்புறம் அந்தப் பயனர் உள்நுழையும்போது உண்மையான பாஸ்வேர்டை வைத்து மறுபடி ஹாஷ் செய்துகொள்ளலாம். பல மாதமாக உள்ளே வராதவர்களின் கணக்கும் காப்பாற்றப்படும்.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் சரியாகிவிடுகிற விஷயங்கள். இதைவிட ஆழமாக ஊறிப்போன பழக்கம் ஒன்று இருக்கிறது, அனுபவசாலிகள்தான் அதில் அதிகம் சிக்குகிறார்கள். வழக்கமான பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகத் தொடங்கி, பதில் கொடுத்ததும் நினைவகம் முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். அதனால் நாம் எதையும் சுத்தம் செய்யாமல் எழுதிப் பழகிவிட்டோம். இன்று க்யூ வொர்க்கர் (பின்னணியில் வேலைகளை வரிசையாக முடிக்கும் நிரல்), ஸ்வூல், லாராவெல் ஆக்டேன் போன்ற கருவிகளில் ஒரே செயல்முறை மணிக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஸ்டாட்டிக் மாறியில் (செயல்முறை முடியும்வரை அழியாத மாறி) வைத்த பயனர் விவரம் அடுத்த கோரிக்கைக்கும் அப்படியே நிற்கும், ஒருவரின் தகவல் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். இரவில் சும்மா இருந்த டேட்டாபேஸ் இணைப்பு காலையில் அறுந்துகிடக்கும். வரிசையில் சேர்ந்துகொண்டே போகிற அரே நினைவகத்தைத் தின்னும். புதிதாக வேறு மொழியில் இருந்து வருகிறவர் இதை இயல்பாகவே எதிர்பார்ப்பார், நாம்தான் எதிர்பார்க்க மாட்டோம்.

ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் மாறுவோருக்கான வழிகாட்டி பிஎச்பி கையேட்டிலேயே இருக்கிறது. புது வசதிகளைப் பற்றிய பகுதியை எல்லோரும் படிக்கிறார்கள், நீங்கள் 'பின்னோக்கிப் பொருந்தாத மாற்றங்கள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். நீக்கப்பட்டவற்றை ஏன் நீக்கினார்கள் என்று தேடினால், பலவற்றுக்கு ஆர்எஃப்சி என்ற முன்மொழிவு ஆவணத்தில் காரணங்கள் கிடைக்கும், எந்த டுடோரியலையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை அவைதான். 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடும், 7.4-க்கானவை 2022 நவம்பரோடும் நின்றுவிட்டன. உங்கள் தளம் அவற்றில் ஓடுகிறது என்றால், வாடிக்கையாளருக்கு அதை எழுத்தில் தெரிவியுங்கள். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்பார், அதற்கான பதிலையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்: திருத்தம் நின்ற தேதி, மாற்றாவிட்டால் என்ன ஆகும், மாற்ற எவ்வளவு நாள் வேலை.