தொகைமதிப்பு: கூட்டியதும் தொக்கு நின்றதும்

திருகோணமலையில் "தொகைமதிப்புக்கு ஆள் வந்தது" என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. "சென்சஸ் எடுக்க வந்திருக்கிறாங்க" என்பதுதான் பேச்சு. பத்திரிகை "குடிசன மதிப்பீடு" என்று போடும். தமிழ்நாட்டுக்காரர் "மக்கள்தொகைக் கணக்கெடுப்பு" என்பார். "தொகைமதிப்பு" நிமிர்ந்து நிற்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் பெயர்ப்பலகையில்தான். அலுவலகத் தமிழ் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நான். இந்த ஒரு சொல்லில் மட்டும் திணைக்களத்தின் பக்கம் சாய்கிறேன்.

சென்சஸ் இலத்தீன் சொல். அதன் வேர்வினைக்கு மதிப்பிடுதல், இன்னதென்று கருதுதல் என்று பொருள். பழைய உரோமில் குடிமக்களையும் அவர்களுடைய சொத்தையும் பதிந்து, யாரிடம் எவ்வளவு வரி, யார் படைக்கு என்று தீர்மானித்த ஏற்பாடு அது. ஆளை எண்ணியது ஆள்மீதுள்ள அக்கறையால் அல்ல. நம்மிடமும் அப்படித்தான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலும் தென்மேற்குக் கரையிலும் ஆட்களையும் காணிகளையும் பதிந்த ஏடு "தோம்பு". போர்த்துக்கேயச் சொல் தமிழானது. தமிழ்நாட்டில் ஒரு காலம் "கானேஷுமாரி" என்றார்கள். அது பாரசீகம், கானா என்றால் வீடு, ஷுமாரி என்றால் எண்ணுதல். இலங்கை முழுவதற்குமான முதல் நவீன எண்ணுகை 1871இல் நடந்தது. அப்போது நாட்டின் சனத்தொகை 24 இலட்சம்.

"குடிசன மதிப்பீடு" எனக்கு ஏன் பிடிக்கவில்லை? குடி என்றாலும் ஆள், சனம் என்றாலும் ஆள்; ஒன்று போதும். அது சின்னக் குறை. மதிப்பீடு என்றதும் காதில் குத்துமதிப்பு ஒலிப்பதுதான் பெரிய குறை. சென்சஸ் குத்துமதிப்பு அல்ல, ஒருவர் விடாமல் எண்ணுவது. சில ஆயிரம் வீடுகளை மாதிரியாக எடுத்து வருமானம், செலவு, வேலை கேட்பது வேறு வேலை. அதற்கு "மாதிரி ஆய்வு" என்றோ "அளவீடு" என்றோ சொல்லலாம். இரண்டுக்கும் மதிப்பீடு என்றே எழுதினால், எது எண்ணியது, எது கணித்தது என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

மதிப்பு என்ற சொல்லில் அந்தக் குழப்பம் குறைவு. மதித்தல் அளவிடுவதுமாம், பொருட்படுத்துவதுமாம். இலத்தீன் வேரிலும் இதே இரட்டைப் பொருள் கிடக்கிறது.

எனக்கு உண்மையில் பிடித்தது முன்பாதி. தொகு என்ற வினையிலிருந்து வருவது தொகை. கூட்டிய எண்ணும் தொகை, கையில் வாங்கும் காசும் தொகை, பாட்டுகளைச் சேர்த்தால் எட்டுத்தொகை. இலக்கணத்தில் இன்னொரு தொகை உண்டு. தயிர்ச்சட்டி என்கிறோம். தயிரை உடைய சட்டி என்பதுதான் விரி. "ஐ" உருபும் "உடைய" என்ற சொல்லும் தொக்கு நிற்கின்றன, அதாவது மறைந்து நிற்கின்றன. சொற்கள் ஒட்டி ஒன்றாவதால் தொகையா, உருபு மறைவதால் தொகையா என்று பழைய உரையாசிரியர்கள் முட்டிக்கொண்டார்கள். சென்சஸைப் பொறுத்தவரை இரு கட்சியும் வென்றது: சேர்த்தால் மறையத்தான் செய்யும்.

திருகோணமலை மாவட்டத்தையே பாருங்கள். மாவட்டத் தொகையை மட்டும் வாசிக்கிறவருக்கு முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் கலந்து வாழும் ஓர் இடம் தெரியும். பொய்யில்லை. ஆனால் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளாக விரித்தால் படம் மாறும். கிண்ணியாவில் பெரும்பாலும் முஸ்லிம்கள், வெருகலில் பெரும்பாலும் தமிழர், கோமரங்கடவலவிலும் பதவிசிறிபுரவிலும் பெரும்பாலும் சிங்களவர். மூன்று இனமும் கண்ணுக்குத் தெரியக் கலப்பது "பட்டினமும் சூழலும்" என்ற பிரிவு, தம்பலகாமம் போன்ற சில இடங்களில்தான். அதையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை இறக்கிப் பார்த்தால் பழையபடி பிரியும். தொகை, வகை, விரி என்று இலக்கணக்காரர் சொன்ன வரிசை இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

காலத்திலும் மறைவு உண்டு. 1981இல் மாவட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர். 2012இல் 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2001இல் நாடு எண்ணப்பட்டபோது வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் வேலை முழுமையாகவில்லை, திருகோணமலையும் அதில் ஒன்று. ஆகவே முழுத் தொகைமதிப்பு இரண்டுக்கு நடுவே 31 ஆண்டுகள். அதற்குள் யுத்தம், 2004 சுனாமி, 2006இல் மூதூரும் சம்பூரும் வெளியேறியது எல்லாம் நடந்து முடிந்தன. இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து "சீரான வளர்ச்சி" என்று எழுதிய ஒரு மாணவர் கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை.

பொருளாதாரத் தரவு இன்னும் வழுக்கும். மத்திய வங்கி மொத்த உள்நாட்டு உற்பத்தியை மாகாண வாரியாகப் பிரித்துத் தருகிறது. கிழக்கு மாகாணம் என்றால் அம்பாறையும் மட்டக்களப்பும் சேர்த்தே. திருகோணமலைச் சீனன்குடாவிலுள்ள மா ஆலை அரைக்கும் கோதுமை கிழக்கின் உற்பத்தியில் ஏறும். அந்த இலாபம் எந்த ஊர் வங்கியில் கிடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. சொல்வதற்காக அது கணக்கிடப்படவுமில்லை. ஊர்ச்சனத்தின் கையில் என்ன இருக்கிறது என்று அறிய வீட்டு வருமான, செலவின ஆய்வைத்தான் புரட்ட வேண்டும். அதில் சராசரியைவிட இடையத்தை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணை, பாருங்கள். ஒரு கணக்குக்கு ஐந்து வீடு வைப்போம்: மாத வருமானம் 40, 45, 50, 55 ஆயிரம், ஐந்தாவது கடற்கரையில் ஹோட்டல் வைத்திருப்பவர், 310 ஆயிரம். சராசரி ஒரு இலட்சம். இடையம் 50 ஆயிரம். முதல் நான்கு வீட்டில் எந்த வீட்டுக்காரரிடமும் போய் "உங்களுக்குச் சராசரி இலட்சம்" என்று சொல்லிப் பாருங்கள். (நம் பள்ளிக்கூடக் கணக்கில் இடை என்கிற சராசரி, இடையம், ஆகாரம் என்று மூன்று உண்டு. ஆகாரம் அடிக்கடி வரும் எண். சாப்பாடு என்று நினைத்துச் சிரிக்காத வகுப்பே கிடையாது.)

"குடும்பம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். நம் பேச்சில் அது உறவு. எண்ணுகிறவருக்கு அது உலை: சேர்ந்து சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் மகள் தனி அடுப்பு வைத்தால் அந்த வீட்டில் இரண்டு குடும்பம். மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார், படிவம் ஒத்துக்கொள்ளும்.

எண்ணுகிற இடமும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் படகோடு இந்தக் கரைக்கு வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் போடுவார்கள். ஐஸ் வாங்குவதும் மண்ணெண்ணெய் வாங்குவதும் மீன் விற்பதும் இங்கே. வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணும் முறைப்படி அவர்கள் மேற்குக்கரைக் கணக்கு. கடலிலிருந்து வந்த மீன் மட்டும் திருகோணமலைக் கணக்கு.